பேனரில் இருக்கும் பெண்

வருகைப்பதிவு குறைந்ததால் தேர்வு எழுத முடியாதவர்கள் என்று கல்லூரி அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். நீமா, தான்சானியா என்று என் பெயர்தான் முதலில் இருந்தது. கோபம் தலைக்கேறியது. மேல்முறையீட்டு விண்ணப்பம் எழுதி எடுத்துக்கொண்டு நேராக முதல்வர் யசோதரனின் அறைக்குப் போனேன்.

"வெளிநாட்டு ஸ்டூடண்ட்னா ரூல்ஸ் கிடையாதா? அப்பாவைக் கூட்டிக்கினு வா," என்றார்.

"அவரு தான்சானியாவுலேர்ந்து வர்றதுக்குள்ள எக்ஸாமே முடிஞ்சிடும் சார்."

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நான் கற்ற தமிழ் சண்டைக்கு நன்றாகவே உதவும்.

"சரி, கிளாஸுக்கு வராம எங்க சுத்திக்கினு இருந்த?"

ஜன்னலைத் திறந்துவிட்டேன். கல்லூரி வாசலில் புதிய மாணவர்களை அழைக்கும் பெரிய பேனர் தெரிந்தது. அதில் நான் பட்டுப்புடவையில் குத்துவிளக்கு ஏற்றுகிறேன். பக்கத்தில் முதல்வர் சிரிக்கிறார். விழுப்புரம் கல்விக் கண்காட்சியில் எடுத்த படம்.

"உங்க பக்கத்துலதான் சார் இருந்தேன். விழுப்புரம், அனந்தபுரம், கிளியனூர்னு அட்மிஷனுக்கு நீங்க ஸ்டால் போட்ட ஊருக்கெல்லாம் கிளாஸ்லேர்ந்து என்னை ஏத்திக்கினு போனது நம்ம காலேஜ் வேன்தான்."

முதல்வர் பேனரையே பார்த்தார். பிறகு என் விண்ணப்பத்தை இழுத்து, அத்தனை நாளும் கல்லூரிப் பணி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

"நீமா, வியாழக்கிழமை கூட்டேரிப்பட்டுல ஒரு ஃபங்ஷன். அந்தப் புடவையே கட்டிக்கம்மா."

"பேனரைத் தூக்கிக்கினு போங்க சார்," என்றேன். "எனக்கு கிளாஸ் இருக்கு."