பத்துப் பேர்ச்சில் முளைத்த மிளகு

பெரிய கம்பெனிகளுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் எறியாமல் சேர்த்து வைப்பார்கள். சேர்த்ததைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மிளகு வாங்கும் அந்தக் கொழும்புக் கம்பெனியும் ஏழு வருடத் தரவை அப்படித்தான் வைத்திருந்தது. கடைசியில், மாத்தளை டவுனில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல் ரெண்டு கம்ப்யூட்டரோடு இருந்த புருஷன் பெண்சாதியிடம், ஸியாமிடமும் மபாஸாவிடமும், அதைத் தூக்கிக் கொடுத்தது. உண்மையாகவே மிளகு பயிரிடுகிறவர் யார், இடைவியாபாரி யார் என்று பிரித்துத் தரவேண்டும். மிளகு விற்கக் கம்பெனி பதிந்து கொடுத்த நம்பர்களில் இடைவியாபாரிகளுடையதை வெட்டிவிடுவார்கள்.

மபாஸா எழுதிய புரோகிராம் முதல் நாளே ஒரு பெயரைச் சிவப்பாக்கியது. காத்தாயி, ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம். காணி பத்துப் பேர்ச், ஒரு வீடும் சின்ன முற்றமும் கொள்ளும் அளவு. கொடுத்த மிளகு, வருடத்துக்கு இருநூற்றெழுபது கிலோ.

“பத்துப் பேர்ச்சில இவ்வளவா? கூரையிலயும் கொடி ஏத்தி ஈக்கிறாவோ?” என்று ஸியாம் சிரித்தான்.

“சிரிக்காதீங்க. இது கள்ள நம்பர்,” என்றாள் மபாஸா. அதை வெட்டச் சொல்லிக் கம்பெனி அதிகாரி றிஷாதுக்கு அன்றைக்கே அனுப்பியும் விட்டாள். கெட்டிக்காரிதான், ஆனால் அவசரக்காரி. மூன்றாம் நாள் மனம் கேட்காமல் ஸியாமின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி, நேரில் பார்க்கப் போனாள்.

காத்தாயிக்கு ஐம்பது வயதிருக்கும். எதையும் ஒளிக்கத் தெரியாத மனுஷி. “எனக்கு ஏது மிஸ் அவ்வளவு மிளகு? இந்தத் தோட்டத்து லயத்துல வரிசையா இருக்கிற இருபத்தாறு வீட்டு மிளகும், வீட்டோரமா கொடி வச்சுப் பறிக்கிறது, என் பேருலதான் போகுது. கம்பெனி காணி உறுதிப் பத்திரம் கேட்டாங்க. லயத்தாளுகளுக்கு ஏது உறுதி? என் வீட்டுக்காரருக்கு மட்டுந்தான் பத்துப் பேர்ச் எழுதிக் குடுத்தாங்க.”

“அப்ப உங்கட மிளகு எவ்வளவு அக்கா?”

“என் கொடியெல்லாம் ரெண்டு வருஷத்துக்கு முந்தி வேரழுகிச் செத்துப்போச்சு. புதுசா நட்டிருக்கேன். அடுத்த வருஷம் காய்க்கும்.”

மபாஸா நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த நம்பர் போனால் இருபத்தாறு வீடும் பழையபடி, கேட்ட விலைக்கு அள்ளிக்கொண்டு போகிற லொறிக்காரனிடம்தான் நிற்கவேண்டும். அதை வெட்டச் சொன்னது இவள் கை.

நேரே சேகரிப்பு நிலையத்துக்குப் போனார்கள். அங்கே மிளகு நிறுக்கிற டிலக்சன், எட்டு வருடமாக அதே தராசடியில் இருப்பவன், விஷயத்தைக் கேட்டதும் முகம் சுளித்தான். “யாரு எவ்வளவு குடுத்தாங்கன்னு ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர்ல, குறிப்புல அடிச்சிருக்கேனே. நீங்க பாக்கலியா?”

பார்க்கவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழைக் கண்டபடி அடித்திருந்த அந்தக் குறிப்புப் பத்தியைக் குப்பை என்று நினைத்து, தரவைச் சுத்தம் பண்ணும்போது முதல் வேலையாக வழித்து எறிந்தவளே மபாஸாதான். கம்பெனி ஏழு வருடம் எறியாமல் வைத்திருந்ததை இவள் ஏழு நிமிடத்தில் எறிந்திருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஸியாம் ஒரு சொல் குத்திப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, குறிப்புகள் அழியாமலிருந்த பழைய தரவுக் கோப்பைத் திறந்தான். ரெண்டு நாள் இருவருமாக மிளகுக் கணக்கைப் பெயர் பெயராகப் பிரித்தார்கள். இருபத்தாறு பேரும் ஒரு அறுவடையைக்கூடத் தவறவிடவில்லை.

மபாஸா றிஷாதுக்குப் போனில் கோல் எடுத்தாள். “பிழை என்ட. அது கள்ள நம்பரில்ல. அதுக்குள்ள இருபத்தாறு பேர் ஈக்கிறாங்க.”

“உறுதி இல்லாதவங்களுக்கு நம்பர் குடுக்க ஏலாதே.”

“உறுதி உள்ளவங்கள்ல பாதிப் பேர் மிளகு குடுக்கிறத நடுவுல நிப்பாட்டிட்டாங்க. இவங்க ஏழு வருஷமா நிப்பாட்டல்ல. இத விடப் பெரிய உறுதி வேற என்ன வேணும் உங்களுக்கு?”

 றிஷாத் கணக்குகளை அனுப்பச் சொன்னான். ஒரு மாதம் இழுத்தடித்து, கொழும்பு சம்மதித்தது. இருபத்தாறு புது நம்பர். ஆனால் ரெண்டு வருடமாகச் சொந்த மிளகு கொடுக்காதவர் பெயர் பட்டியலில் நிற்காது, அது கம்பெனிச் சட்டம். இந்த அறுவடை முடிவதற்குள் ஒன்றும் கொடுக்காவிட்டால் காத்தாயி போய்விடுவாள். அடுத்த வருடம் கொடி காய்த்தாலும் விற்க நம்பர் இருக்காது.

அடுத்த மிளகுக் கொள்வனவு நாளில் மபாஸாவே சேகரிப்பு நிலையத்துக்குப் போய்க் காத்தாயியிடம் அதைச் சொன்னாள்.  காத்தாயி தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, “எங்க லயத்துப் பாப்பம்மா பேரு இருக்குல்ல? துஷாந்தினி பேரு?” என்று கேட்டாள்.

“எல்லாரும் ஈக்கிறாங்க அக்கா.”

“அப்ப சரி,” என்று எழுந்துகொண்டாள்.

வரிசையில் முதல் ஆளாக நின்ற பாப்பம்மாவுக்கு அது சரியாகப் படவில்லை. தன் சாக்கைத் தராசில் வைக்காமல் வாயை அவிழ்த்து, ஒரு கிலோ மிளகை வெறும் சாக்கொன்றில் கொட்டினாள். “தம்பி, இது காத்தாயிக்கு.” பின்னால் நின்றவளும் கொட்டினாள். அதற்குப் பின்னால் நின்றவளும்.

“எனக்கு எதுக்குடி? வேணாம்,” என்றாள் காத்தாயி.

“உன் பேருல நாங்க கொண்டாந்து குடுத்தப்ப எங்கள ஒரு வார்த்த கேட்டியா? சும்மா இரு,” என்று பாப்பம்மா அதட்டினாள்.

இருபத்தாறாவது ஆளும் கொட்டி முடிந்தது. டிலக்சன் சாக்கைத் தராசில் ஏற்றிவிட்டு மபாஸாவைப் பார்த்தான். இனி இந்தத் தோட்டத்தின் தரவில் பொய் இருக்காது என்று றிஷாதிடம் வாக்குக் கொடுத்தவள் அவள்.

“கொடுத்தாச்சென்டா அது காத்தாயி அக்காட மிளகுதானே தம்பி,” என்றாள் மபாஸா. “அவங்கட பேருலயே போடுங்க.”

காத்தாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, எல்லோரும் பார்க்க, விம்மி விம்மி அழுதாள்.