சாப்ட்டாச்சுங்களா என்று கேட்கும் நம்பர்கள்

அப்பா காணாமல் போன மறுநாள் விடிவதற்குள் என் போன் நம்பர் கோயமுத்தூர் ஜில்லா முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. அனுப்பியது என் வீட்டுக்காரர் கௌதமன். அப்பா படத்தைப் போட்டு, ‘வெள்ளியங்கிரி, பச்சைத் துண்டு போட்டிருப்பார், பார்த்தவர்கள் மகள் சண்முகப்ரியாவைக் கூப்பிடவும்’ என்று எழுதி, தெரிந்த வாட்ஸப் குரூப்புக்கெல்லாம் தள்ளிவிட்டார். அவர் தறிக் குடோனில் நிற்கிற ஆள். தறி ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் காதில் விழாது, அதனால் என் நம்பர். நியாயம்தான். ஆனால் அதற்கப்புறம் நான் பட்டது நாய்படாத பாடு.

கிணத்துக்கடவில் இருக்கிற அத்தை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் அப்பா கிளம்பினார். போனைச் சார்ஜரிலேயே மறந்துவிட்டார். பொழுது சாயும்போது அத்தை கூப்பிட்டு, “அண்ணன் வருதுன்னியே கண்ணு, இன்னுங் காணமே?” என்கிறாள்.

அம்மா போனதிலிருந்து அப்பா எங்களோடு கருமத்தம்பட்டியில்தான் இருக்கிறார். பெண் கொடுத்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்குத் தொண்டையில் இறங்காது. வந்த நாளிலிருந்து “நாலு நாள்தான் கண்ணு” என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். தன் தட்டை என்னைக் கழுவ விடமாட்டார். மாப்பிள்ளை உள்ளே வந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். வழி தவறினாரா, வேண்டுமென்றே போனாரா, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து போனும் கையுமாக உட்கார்ந்தேன். தெரியாத நம்பர் எது வந்தாலும் எடுத்துத்தானே ஆகவேண்டும்?

முதல் போன் வந்தது. முதல் மணியிலேயே எடுத்தால், சூலூர் பக்கம் சைட் இருக்கிறதாம், குடும்பத்தோடு வந்து பார்க்கலாமாம். அடுத்தது பர்சனல் லோன். அதற்கடுத்தது மூட்டுவலித் தைலம். எனக்கு மூட்டு வலிக்கவே இல்லை. காணாமல் போன மனிதரின் முகத்துக்குக் கீழே ஒரு நம்பரைப் பார்த்ததும், இவளுக்குத் தைலம் தேவைப்படும் என்று எப்படித் தோன்றும்? ஒரு ஜோசியர் கூப்பிட்டு, அப்பா தெற்கே இருக்கிறார், மேற்கொண்டு தெரிய நேரில் வா என்றார். கிணத்துக்கடவும் தெற்கேதான். நான் அதையும் கொஞ்ச நேரம் நம்பினேன்.

பிறகு ஒருவர் கூப்பிட்டார். “ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கீங்களா? சாப்ட்டாச்சுங்களா?” சொந்தக்காரர் மாதிரி இருந்தது குரல். நம்ம பக்கத்து ஆள், அப்பாவைப் பார்த்தவராகத்தான் இருக்கும் என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டு, “மனசே கேக்கலீங்க” என்றார். கடைசியில், “அப்பா கெடச்சதும் எங்க ஜிபிஎஸ் வாட்ச் ஒண்ணு கட்டி உட்டுருங்க. ரெண்டா எடுத்தா ஆஃபர் இருக்குதுங்க” என்கிறார். எனக்கு இருப்பது ஒரே அப்பாதான் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

எங்கள் பக்கம் எடுத்தவுடனே யாரும் விஷயத்துக்கு வரமாட்டார்கள். இழவுச் செய்தி சொல்லக் கூப்பிட்டாலும் சாப்பாட்டை விசாரித்துவிட்டுத்தான் சொல்வார்கள். இந்த வியாபாரிகள் அதையும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இனி யார் மனுசர், யார் வியாபாரி என்று எதை வைத்துப் பிரிப்பது? மண்டை காய்ந்துபோயிற்று.

மத்தியானம் மறுபடியும் ஒரு புது நம்பர்.

“ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கீங்களா?”

“சொல்லுங்க.”

“சாப்ட்டாச்சுங்களா?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுங்க. உங்களுக்கு…”

“ஒண்ணும் வேண்டாங்க! என்னவா இருந்தாலும் நீங்களே வெச்சுக்குங்க. இனிக் கூப்பிட்டீங்கன்னா மரியாத கெட்டுப்போயிரும்!”

போனை வைத்து, நம்பரை ப்ளாக்கும் செய்தேன். காலையிலிருந்து செய்ததில் அது ஒன்றுதான் உருப்படியான காரியம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கௌதமன் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் போனில், ஏதோ ஒரு குரூப்பில் வந்த படம். பழக்கடை முன்னால் ஆப்பிள் பெட்டிமேல் அப்பா உட்கார்ந்திருக்கிறார். கீழே எழுதியிருந்தது: ‘பெரியவர் உக்கடம் பஸ் ஸ்டாண்டு பக்கம் என் கடையில் பத்திரமாக இருக்கிறார். மகளுக்குப் போன் போட்டேன், வேண்டாம்னு சொல்லிட்டாங்க. வேற சொந்தம் இருந்தா வாங்க. அஃபான்.’

“நீ என்ன சொன்னே?” என்றார் கௌதமன்.

எனக்குப் புரியவே இல்லை. நான் யாரிடம் அப்பா வேண்டாம் என்றேன்? சைட்டுக்காரரிடமா, லோன்காரரிடமா? அப்புறம் ப்ளாக் செய்த நம்பரையும் படத்துக்குக் கீழே இருந்த நம்பரையும் ஒத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே நம்பர்.

வண்டியில் போகும்போதே அஃபானைக் கூப்பிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நேத்துலருந்து பஸ்ஸுல ஏறுவாரு, எறங்கிப் போடுவாருங்க. எங்க போறதுன்னு அவருக்கே தெரியல. ராத்திரி எங்க ஊட்லதான் படுத்தாரு. இன்னிக்கு உங்க மெசேஜைக் காட்டுனேன். ‘எம் பொண்ணுக்கு நான் வேணுமான்னு ஒரு வார்த்த கேளுங்க, அப்பறம் போறேன்’னாரு. அதத்தான் கேக்க வந்தனுங்க.” பிறகு, “ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன்” என்றார்.

எங்களைப் பார்த்ததும் அப்பா பெட்டியிலிருந்து எழுந்து நின்றார். “எதுக்குங்க மாப்ள, வேலயக் கெடுத்துட்டு?” என்று கௌதமனிடம் கேட்டார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

“நீங்க வேணும்ப்பா. எனக்கு நீங்க வேணும்ப்பா” என்று சொல்லி அத்தனை பேர் பார்க்க அழுதேன்.

அப்பா குழம்பிப்போனார். என்னையும் அஃபான் கையிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அஃபானிடம், “போன்ல பேசுனது இந்தப் புள்ளைதானுங்களா?” என்று கேட்டார்.

அஃபான் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“இல்லீங்க பெரியவரே. அது ராங் நம்பருங்க. நாந்தான் மாத்திப் போட்டுட்டேன்.”

அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. “அதான பாத்தேன்! எம் பொண்ணு ஒருத்தரு மனசு நோகப் பேச மாட்டாளுங்க” என்று கடைக்காரருக்கே சமாதானம் சொன்னார்.

“ஆமாங்கப்பா” என்றேன்.