குருவின் கடைவாய்ப் பல்

ஐம்பதை நெருங்கியபோது எனக்கு ஞானம் தேவைப்பட்டது. ப்லோவ்திவ் நகரத்தில் பல் மருத்துவராக இருந்து, பிறர் வாய்க்குள்ளேயே பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு அது நியாயமான ஆசைதான். யோகா செய்தாயிற்று. மடங்களில் மெழுகுவத்தி ஏற்றியாயிற்று. பச்சைக் காய்கறி மட்டும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டாயிற்று. பாக்கி இருந்தது மௌனம்.

ரொடோப்பி மலையில், மாணவர்கள் இல்லாமல் மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தில் லூபென் என்பவர் மௌன முகாம் நடத்திவந்தார். முன்பு ஆயுள் காப்பீடு விற்றவர். இப்போது சாவுக்குப் பிறகு நடப்பவற்றை நேரடியாகவே கவனித்துக்கொள்கிறார்.

என் கணவன் க்ராசென் பையைக் காரில் வைத்தபடி கேட்டான்: "வீட்ல நான் பேசாம இருந்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குற. அதுக்குன்னு மலையேறிப் போய்ப் பேசாம இருக்கணுமா, ராலி?"

பேசக்கூடாது என்ற விதி எங்களுக்கு மட்டும்தான். லூபென் காலையிலும் மாலையிலும் தாராளமாகப் பேசினார். வலி என்பது மனம் கட்டும் கதை, சாட்சியாக நின்று பார்த்தால் கரைந்துவிடும் என்பது அவருக்குப் பிடித்தமான பகுதி. அந்த இடம் வரும்போதெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற நீதிபதியம்மா கண்ணீர் விட்டார். நானும் கண்ணை மூடி உள்ளே பார்த்தேன். பீன்ஸ் சூப்பு தெரிந்தது. என் நாத்தனார் ஈஸ்டர் விருந்தில் குத்தலாகச் சொன்ன ஒரு வார்த்தை தெரிந்தது. அதற்கு அபாரமான பதில்கள் வரிசையாக வந்தன.

ஒரு நாள் மாலைப் பேச்சுக்கு லூபென் வரவில்லை. சமையல் பார்க்கும் ஸ்தோயனா, பதிவேட்டில் என் தொழிலைப் பார்த்துவிட்டு வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். அவர் கன்னம் வீங்கி, ஈரத்துணியோடு கட்டிலில் கிடந்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ். மழையில் மலைப்பாதை சரிந்திருந்ததால் ஊருக்குக் கொண்டுபோகவும் வழியில்லை.

"நாலஞ்சு நாளா சாட்சியாத்தான் பாத்துட்டிருந்தேன், டாக்டர்" என்று முனகினார். "அதுவும் என்னையே பாத்துட்டிருக்கு."

அவசரத்துக்கு உதவும் பெட்டி என் காரில் எப்போதும் இருக்கும். எடுத்துவந்து, கொஞ்சம் கெட்ட எண்ணத்தோடுதான் கேட்டேன்: "ஊசி வேணுமா, இல்ல பாத்துட்டே இருந்து கரைச்சுடுவீங்களா?"

"ரெண்டா போடுங்க."

சீழ் பிடித்த இடத்தில் மருந்து சரியாகப் பிடிக்காது. ஸ்தோயனா தலையைப் பிடித்துக்கொள்ள, அவர் தன் அம்மாவைக் கூப்பிட்டு அலறினார். கூடத்தில் தியானத்தில் இருந்தவர்கள் அதைப் புது மந்திரம் என்று நினைத்தார்களாம். பாதியில் வேர் முறிந்தது. அதைத் தேடி எடுத்த நேரம் முழுக்க என் மனதில் ஒன்றுமே இல்லை. சூப்பு இல்லை, நாத்தனார் இல்லை, நானும் இல்லை. வேர் வெளியே வந்தபோதுதான் அது உறைத்தது. இதைத்தானே தேடினேன் என்று நினைத்தேன். உடனே நாத்தனாரிடம் இதைச் சொல்லிக் கடுப்பேற்ற வேண்டும் என்றும் தோன்றியது. அதோடு போயிற்று.

லூபென் என் மணிக்கட்டை விடவில்லை. இத்தனை வருஷம் ஜனங்களிடம் தெரியாததையெல்லாம் சொல்லிவிட்டதாக அழுதார். அவரை அப்போதுதான் எனக்குப் பிடித்தது. முகாமைக் கலைத்துவிடுவார் என்றே நம்பினேன்.

மறுநாள் காலை, வீங்கிய கன்னத்தோடு எல்லோர் முன்னாலும் நின்றார். "வலின்னா வலிதான். நான் இதுவரைக்கும் சொன்னது தப்பு" என்றார்.

நீதிபதியம்மா முன்னெப்போதையும்விட அதிகமாக அழுதார். அடுத்த முகாமுக்கு அன்றே இடம் நிரம்பிவிட்டது. பல்லைப் பிடுங்கியது யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்ல முடியாது, மௌனத்தில் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து க்ராசெனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் சிரித்து முடிக்க வெகுநேரமாயிற்று. "பல்லு போனதும் அவனுக்கு, ஞானம் வந்ததும் அவனுக்கா? உனக்கு என்னதான் கெடச்சுது?"

ஸ்தோயனா கொடுத்த ராக்கியா, பிளம் பழத்தில் காய்ச்சிய சாராயம், ஒரு பாட்டில் என்றேன். அது நல்ல விஷயம்தான் என்று ஒத்துக்கொண்டு அவன் கண்ணாடிக் குவளைகளை எடுத்துவந்தான்.

திங்கட்கிழமை கிளினிக்கில் முதல் ஆளுக்கே கடைவாய்ப் பல். அந்த ஒன்றுமில்லாமை மறுபடி வருமா என்று குறடைக் கையில் பிடித்தபடி காத்து நின்றேன்.

நாற்காலியில் இருந்தவர் வெளிறிப்போனார். "டாக்டரம்மா, ஏதாச்சும் பிரச்சனையா?"

"ஒண்ணுமில்ல" என்றேன். "வாயத் தொறங்க."