பின்சக்கரம் தூக்க இரண்டு பேர்

மருமகளின் கணவன் கப்பல் வேலைக்குக் கிளம்பிப் போன மறுநாளே அவனுடைய பைக் வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. தெருவில் விட்டால் எவனாவது உரசிவிட்டுப் போவான் என்று போகும்போதே அவன் சொல்லியிருந்தான். அதனால் வாசல் கதவுக்கும் சமையலறைக்கும் நடுவே இருக்கும் நான்கடி அகல நடையில் ஆறு மாதத்துக்கு அது நிற்க வேண்டும் என்று ஏற்பாடு.

ஓட்டுவதற்கு இரண்டு பேர். காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை நாத்தனார். நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவள், நல்ல உயரம், தோள் இரண்டும் கதவு மாதிரி. பத்து மணிக்கு மேல் மருமகள். கண்ணாடிக் கடையில் கண்ணைப் பரிசோதித்துப் பவர் எழுதித் தருபவள். ஐந்தடியை எப்படியோ எட்டிப் பிடித்திருந்தாள். ஆனாலும் வண்டியில் உட்கார்ந்துவிட்டால் அவளை யாரும் குள்ளம் என்று சொல்ல முடியாது, அவ்வளவு வேகம்.

வண்டிக்கு இருந்தது சைடு ஸ்டாண்டு மட்டும். அதில் நிறுத்தினால் இடது பக்கம் சாய்ந்துகொண்டு, கல்யாண வீட்டில் திண்டில் சாய்ந்த மாப்பிள்ளை மாதிரி முக்கால்வாசி நடையைப் பிடித்துக்கொள்ளும். ஈரத்துணி வாளியோடு மாமியார் ஒருக்களித்துத்தான் போக வேண்டும். கைப்பிடி புடவையைப் பிடித்து இழுக்கும். "நான் இருக்கறது வீட்லயா, ஷெட்லயா?" என்று அவர் நாளைக்கு நாலு தடவை கேட்பார். பதில் சொல்ல யாரும் நிற்பதில்லை.

ஒரு நாள் காலை நாத்தனார் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனாள். மாமியார் வாளியோடு கொல்லைப்பக்கம் போய் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. தடாலென்று ஒரு சத்தம். வண்டி செருப்பு அலமாரியின் மேல் குப்புற விழுந்து கிடந்தது. கிளட்ச் லிவர் இரண்டு துண்டு.

"போன்ல பேசிக்கிட்டே ஸ்டாண்டு போட்டா இப்படித்தான் ஆகும்," என்றாள் மருமகள்.

ஈரத்தலையோடு ஓடிவந்த நாத்தனாருக்குச் சுருக்கென்றது. "நான் போன் பேசவே இல்ல. ஸ்டாண்டைக் கடைசி வரைக்கும் தள்ளிட்டுத்தான் இறங்கினேன்."

"அப்ப வண்டிக்கே தூக்கம் வந்து படுத்துக்கிச்சாக்கும்."

"இது எங்க அண்ணன் வண்டி அண்ணி. எனக்கு நீங்க சொல்லித்தர வேணாம்."

எங்க அண்ணன் வண்டி. அந்த மூன்று வார்த்தை மருமகளுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அவள் லிவர் துண்டுகளைப் பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு புது லிவர் மாட்டப் போனாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. சாவி சுவர் ஆணி வழியாகக் கைமாறியது. மற்ற சேதியெல்லாம் மாமியார் வழியாக. "பெட்ரோல் தீரப்போகுதுன்னு அவகிட்ட சொல்லுங்க அத்தை." "பார்த்தேன்னு சொல்லும்மா." இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்துதான் இதைச் சொல்வார்கள். நடுவில் உட்கார்ந்த மாமியார் பத்தாம் நாள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு வண்டிக்கு வேற ஸ்டாண்டு வாங்குங்க. இல்ல, எனக்கு வேற வீடு பாருங்க."

மறுநாள் மருமகள் உதிரிபாகக் கடைக்குப் போனாள். "சென்டர் ஸ்டாண்டு ஒண்ணு மாட்டிக் கொடுங்க. நேரா நிக்கணும், இடம் அடைக்கக் கூடாது."

கடைக்காரர் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார். "இந்த மாடலுக்கு வராதும்மா. சைலன்சர் குறுக்கால போகுது. ஸ்டாண்டு மாட்ட இடமே விடல பாருங்க." பிறகு உள்ளே போய், இரண்டு சின்னச் சக்கரமும் நீளக் கைப்பிடியும் வைத்த ஒரு இரும்புச் சட்டத்தைத் தூக்கிவந்தார். "இதுதான் உங்களுக்கு. பேடாக் ஸ்டாண்டுன்னு சொல்வாங்க. பின்னாடியிருந்து நுழைச்சு, இந்த ரப்பர் கிண்ணம் ரெண்டையும் பின்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் வர்ற கம்பிக்கு அடியில கொடுத்து, கைப்பிடியைக் கீழ அழுத்துங்க. சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கும். வண்டி ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். செயினுக்கு எண்ணெய் போடவும் இதுதான் வசதி."

"ஒரு ஆளே பண்ண முடியுமா?"

"நான் பண்ணுவேன். நீங்க கொஞ்ச நாளைக்கு ரெண்டு பேரா பண்ணுங்க. ஒருத்தர் வண்டியை நேரா பிடிக்கணும், ஒருத்தர் அழுத்தணும்."

முதல் வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு மருமகள் வீடு வந்து சேர்ந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை மாமியார் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். நாத்தனார் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருமகள் வண்டியை வாசல் சிமெண்டுத் தரைக்குத் தள்ளிவந்தாள். பழைய பல் துலக்கும் பிரஷ், மண்ணெண்ணெய், துணி எல்லாம் தயார். ஸ்டாண்டைப் பின்சக்கரத்துக்கு நேராக வைத்தாள். இடது கையால் பின்சீட்டுக் கம்பியைப் பிடித்து வண்டியை நிமிர்த்தினாள். வலது கையால் கைப்பிடியை அழுத்தினாள். இடப்பக்கக் கிண்ணம் கச்சிதமாக உட்கார்ந்தது. வலப்பக்கக் கிண்ணம் வழுக்கி வெளியே வந்துவிட்டது. வண்டி மெல்ல வலப்பக்கம் சாயத் தொடங்கியது.

ஸ்டாண்டை உதறிவிட்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து இழுத்தாள். சரி, பழையபடி சைடு ஸ்டாண்டிலேயே சாய்த்துவிடலாம் என்று இடப்பக்கம் எட்டிப் பார்த்தாள். சைடு ஸ்டாண்டு அங்கே இல்லை. யாரும் தொடாமல், காலை உள்ளே இழுத்துக்கொண்ட கொக்கு மாதிரி, அது தானாக மடங்கிப் போயிருந்தது. கால் நீட்டித் தட்டினாள். வெளியே வந்தது, ஊஞ்சல் மாதிரி ஆடியது, மறுபடி உள்ளே போய்விட்டது. அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய ஸ்பிரிங் நைந்து, மெலிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

நாளெல்லாம் பொடி எழுத்து காட்டி ஊராரின் கண்ணைச் சோதிப்பவள், முழங்கால் உயரத்தில் தொங்கிய ஸ்பிரிங்கைப் பார்க்கவில்லை. அன்றைக்கு நாத்தனார் சொன்னது நிஜம்தான். ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறாள்.

இப்போது இந்தப் பக்கமும் சாய்க்க முடியாது, அந்தப் பக்கமும் விட முடியாது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. ஐந்து நிமிடம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பதினொரு நாள் பிடித்த வீம்பு ஒரு பக்கம், நூற்றைம்பது கிலோ இரும்பு ஒரு பக்கம். இரும்புதான் ஜெயித்தது.

"வீட்ல யாராவது இருக்கீங்களா?" என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துக் கேட்டாள்.

ஜன்னல் வழியாகப் பதில் வந்தது. "யாராவதுன்னா யாரு?"

"வந்து பிடிக்கறவங்க யாரா இருந்தாலும் சரி."

நாத்தனார் நிதானமாக வாசலுக்கு வந்தாள். நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். வாயோரம் ஒரு சிரிப்பு முட்டிக்கொண்டிருந்தது. "எங்க அம்மாகிட்ட சொல்லி அனுப்பியிருக்கலாமே?"

"ஏய், கை போகுதுடி!"

அந்த 'டி'யில் ஏதோ உடைந்தது. ஒரே எட்டில் வந்த நாத்தனார் கைப்பிடியைப் பிடித்து வண்டியைப் பூப்போல நிமிர்த்தி நிறுத்தினாள். மருமகள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு உள்ளங்கையிலும் கம்பியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"அந்த சைடு ஸ்டாண்டைக் காலால தட்டு," என்றாள்.

தட்டினாள். வந்தது, ஆடியது, போய்விட்டது. நாத்தனார் இன்னொரு தடவை தட்டினாள். பிறகு மூன்றாவது தடவை. அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"அண்ணி, அப்ப அன்னிக்கு?"

"உன் மேல தப்பில்ல. ஸ்பிரிங்தான்."

"சரியா காதுல விழல."

"உன் மேல தப்பில்லன்னேன். பார்க்காம கத்திட்டேன். போதுமா?"

"போதும் போதும்," என்ற நாத்தனார் பெட்ரோல் டேங்கில் படிந்த தூசியை ஒரு விரலால் துடைத்தாள். "எங்க அண்ணன் வண்டின்னு நான் சொல்லியிருக்கக் கூடாது. ராத்திரியெல்லாம் அதே யோசனைதான். வந்து சொல்லத்தான் வாய் வரல."

"சரி விடு. நீ நேரா பிடி, நான் அழுத்தறேன்."

இந்த முறை கிண்ணம் இரண்டும் ஒன்றாக உட்கார்ந்தன. மருமகள் கைப்பிடியின் மேல் ஏறி நிற்காத குறையாக அழுத்தினாள். பின்சக்கரம் இரண்டு விரல் உயரம் எழும்பியது. நாத்தனார் அதைக் கையால் சுழற்றிவிட்டாள். செயின் கரகரவென்று ஓடியது. ஒருத்தி சக்கரத்தைச் சுற்ற, ஒருத்தி பிரஷ்ஷால் தேய்க்க, பதினொரு நாள் பேச்சும் அங்கேயே பேசித் தீர்ந்தது. குளத்தில் ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் படியிலேயே நின்ற கதை, கடைக்கு வந்தவர் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடிய கதை. அக்கா வீட்டிலிருந்து திரும்பிய மாமியார் கேட்டைத் திறந்ததும் திகைத்து நின்றுவிட்டார். இரண்டு பேர் மூக்கிலும் கறுப்பு மசி.

ஸ்பிரிங் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் முந்தானையைத் திருகிக்கொண்டு கேட்டார். "அப்ப அன்னிக்கு நான் வாளியால இடிச்சதால இல்லையே?"

"இடிச்சீங்களா?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"லேசாத்தான்."

கடைக்காரர் மறுநாளே புது ஸ்பிரிங் மாட்டிக் கொடுத்தார். வண்டி நடையில் பேடாக் ஸ்டாண்டில், சுவரை ஒட்டி நெட்டுக்குத்தாக நின்றது. மாமியார் வாளியோடு நேராக நடந்தார். தினமும் நிறுத்துவதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. நாத்தனார் இல்லாத வேளையில் மாமியாரே கைப்பிடியைப் பிடிப்பார். பிடிப்பதைவிட அதட்டுவதுதான் அதிகம். "இன்னும் அழுத்தும்மா, சாப்பிட்டியா இல்லையா?"

இரண்டு மாதத்தில் மருமகளுக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகையைக் கொடுத்தால் வண்டி முக்கால்வாசி தானே நிமிர்ந்துகொள்கிறது. மீதியை இடுப்பால் தாங்கிக்கொண்டு ஒற்றை ஆளாக அழுத்திவிடலாம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் குளத்தில் சாயங்கால வகுப்பு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சீக்கிரமே வீட்டுக்கு வந்த நாத்தனார் வாசலில் நின்றபடியே பார்த்தாள். அண்ணி தனியாக, அலட்டிக்கொள்ளாமல், வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி முடித்திருந்தாள்.

"எத்தனை நாளா இது?"

மருமகள் திருட்டு முழி முழித்தாள். "ஒரு ரெண்டு வாரம் இருக்கும்."

"அப்ப நேத்து என்னைத் தூக்கத்துலேர்ந்து எழுப்பிக் கூப்பிட்டீங்களே?"

"கூப்பிட்டேன். நீ வந்தா நல்லாயிருக்கும்னு கூப்பிட்டேன். அதுக்கென்ன இப்ப?"

 நாத்தனார் பையை அலமாரியில் போட்டாள். ஏறி நின்ற வண்டியை மறுபடி ஸ்டாண்டிலிருந்து இறக்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ம், அழுத்துங்க."