மாமனாரின் மசாஜ் நாற்காலி

எங்கள் வீட்டில் காசு கொடுத்து வாங்கிய பொருளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மிக்ஸி, மின்விசிறி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் கம்பெனிக்காரர்கள் அனுப்பியவை. நான் வீடியோவில் பொருள்களை விமர்சனம் செய்கிறவள். ஓசியில் வந்தாலும் உள்ளதைச் சொல்லிவிடுவேன், அதனால்தான் இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற திமிர் எனக்கு நிறையவே உண்டு.

அந்தத் திமிரைச் சோதிக்க ஒரு மசாஜ் நாற்காலி வந்து சேர்ந்தது.

"வச்சுப் பாருங்க மேடம். வீடியோ நல்லா வந்தா நாற்காலி உங்களுக்கே," என்றார் கம்பெனி மேலாளர். நல்லா வராவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாமனாருக்குக் காலமெல்லாம் பேருந்து ஓட்டித் தேய்ந்த முதுகு. உட்கார்ந்த முதல் நாளே, "அம்மாடி, சொர்க்கம்!" என்றார். அப்புறம் சாப்பிடவும் தூங்கவும்தான் இறங்கினார். நான் சோதிக்கப் போனால், "அதான் நான் தினமும் பார்க்கறேனே, ஒரு குறையும் இல்ல. அப்படியே சொல்லிடு," என்பார். நானும் நம்பி, பாதி வீடியோ எடுத்துவிட்டேன்.

அப்போதுதான், அடுத்த வீடியோ எதைப் பற்றி என்று நான் அறிவித்திருந்ததைப் பார்த்து, ஓர் அம்மா எனக்கு எழுதியிருந்தார்: "மசாஜ் நாற்காலி பத்திச் சொல்லப் போறியாமே. நான் தனியா இருக்கேம்மா. இடுப்புல ஆபரேஷன் ஆனவ. எனக்குத் தோதுப்படுமா? நீ சொன்னா வாங்கிடுவேன்."

கடைசி வரி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. நான் அதில் உட்கார்ந்ததுகூட இல்லையே!

மாமா வெளியே போன நேரம் பார்த்து உட்கார்ந்தேன். சுகம்தான். போதும் என்று நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினேன். கெண்டைக்காலைக் கவ்வியிருந்த பட்டைகள் இன்னும் இறுகின. நான் போட்ட கூச்சலில் என் வீட்டுக்காரர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார்.

பிளக்கில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அதன் மறுமுனை, உட்கார்ந்தபடியே இழுக்கத் தோதாக, நாற்காலியின் கைப்பிடியில் முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

மாமா வந்ததும் கயிற்றைத் தூக்கிக் காட்டினேன். "என்ன மாமா இது?"

"எப்பவாச்சும் நிக்காதும்மா. அனுசரிச்சுப் போயிட்டா..."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ ஊருக்கே சொல்லிடுவ. அவன் வந்து தூக்கிட்டுப் போயிடுவான்." குழந்தை போல முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"விடேன்," என்றார் என் வீட்டுக்காரர். "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்ப்பாங்களா?"

"அந்தப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கறதுதாங்க என் பொழப்பே!"

வாயால் சண்டை போடாமல் அந்த அம்மா எழுதியதை மாமாவிடம் நீட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"இவங்களுக்குக் கயிறு கட்டிக் குடுக்க யார் இருக்கா?" என்றார் மெதுவாக. பிறகு சட்டையைச் சரிசெய்துகொண்டார். "கேமராவை எடு. நானே சொல்றேன்."

சொன்னார். "நான் இவளோட மாமனார். நாற்காலி ரொம்ப சுகம். ஓசியில வந்துச்சு, அது போயிடக் கூடாதுன்னு குறையை மருமககிட்டயே மறைச்சேன். நிறுத்தினா இது சில நேரம் நிக்காது. யாரும் வாங்காதீங்க." கயிற்றையும் இழுத்துக் காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீடியோ காட்டுத்தீயாகப் பரவியது. "எங்க வீட்லயும் நிக்கல" என்று வரிசை கட்டி வந்தார்கள். மேலாளர் ஆள்களை அனுப்பினார். மாமாதான் கதவை அகலத் திறந்துவிட்டு, "சுவத்துல இடிக்காம தூக்குங்கப்பா," என்றார். அன்று மாலை முழுக்க முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

கம்பெனி விற்பனையை நிறுத்தியது. பொத்தானை மாற்றியது. கடைசியில் மேலாளரே கூப்பிட்டார். "சரி பண்ணியாச்சு மேடம். ஐயாவுக்குப் புதுசா ஒண்ணு அனுப்பறேன்."

மாமா போனைப் பிடுங்கினார். "அனுப்பாதீங்க. நான் கடைக்கு வரேன். எந்தப் பெட்டியைப் பிரிக்கணும்னு நான்தான் கை காட்டுவேன்."

கடையில் மேலாளர், முன்வரிசையில் இருந்த பெட்டியைத் தட்டிக் கொடுத்தார். மாமா பின்வரிசையில் மூலையில் இருந்த ஒன்றைக் காட்டினார். அதைப் பிரித்தார்கள். நான் படம் பிடிக்க, கடையே சுற்றி நின்று பார்த்தது. மாமா உட்கார்ந்தார், அழுத்தினார். நின்றது. "பிரேக் பார்க்காம நான் வண்டி எடுத்ததே இல்ல," என்று விதவிதமாக ஓட்டி மறுபடி மறுபடி அழுத்தினார். ஒவ்வொரு முறையும் நின்றது. கூட்டம் கைதட்டியது.

"இடுப்பு ஆபரேஷன் ஆன அம்மா," என்றார் கேமராவைப் பார்த்து, "டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு, இப்ப நீங்க தைரியமா வாங்கலாம்."

மேலாளருக்கு வாயெல்லாம் பல். "இதையே உங்க வீட்டுக்கு அனுப்பிடறேன் ஐயா. காசெல்லாம் வேண்டாம்."

மாமா பணப்பையைத் திறந்தார்.

"பில் போடுங்க. நாளைக்கு இது நிக்கலைன்னா, சொல்றதுக்கு எனக்கு வாய் வேணும்."