தபீதாள் டீச்சரின் தூக்கும் பீர்க்கன்கரணைக் கரடியும்

பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் கரடி இருக்கிறது என்று முதலில் சொன்னவன் ஜோனத்தான். அப்படி ஒரு கரடி இல்லவே இல்லை என்று ஊரில் உறுதியாகத் தெரிந்தவனும் அவன் ஒருவன்தான்.

அவன் அதைச் சொன்னது ஒரு சனிக்கிழமை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சபையில் அறுப்பின் பண்டிகை. பூசணிக்காய், கோழி, கேக் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து காணிக்கையாக வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஜோனத்தானின் மாமியார் தபீதாள் டீச்சர் வருடம் தவறாமல், பாசிப்பயறும் வெல்லமும் உருட்டிப் பொரித்த முந்திரிக்கொத்தை ஒரு தூக்குவாளி நிறையச் செய்து வைப்பார். அதற்காக ஏலத்தில் சண்டை வரும். பாஸ்டரே இரண்டு முறை நடுவில் புகுந்து விலக்கிவிட்டிருக்கிறார்.

ஜோனத்தான் தன் மகள் ஆஷாவைக் கட்டிக்கொண்டதில் டீச்சருக்கு விருப்பமில்லை. முதல் மூன்று வருடம் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடக் கூப்பிடுவதைக்கூடத் தட்டில் கரண்டியால் தட்டித்தான் தெரிவிப்பார். நான்காம் வருடம் "ம்" வந்தது. ஐந்தாம் வருடம், இந்தச் சனிக்கிழமை காலை, "மாப்பிள்ளை, இதைக் கோயில்ல சேர்த்துடுங்க" என்று தூக்கையே கையில் கொடுத்தார். ஜோனத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்கிய கண்ணோடு ஏரிக்கரை வரைதான் போனான். ஐப்பசி பிறந்தும் ஒரு பொட்டு மழையில்லை. சித்திரை வெயில் ஊருக்குத் திரும்ப மறந்து இங்கேயே குடியேறியது போலக் காய்ந்தது. புங்கமர நிழலில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஒன்றே ஒன்று எடுத்துத் தின்றான். மேல்வரிசையில் பள்ளம் விழுந்தது. பள்ளத்தைச் சமப்படுத்த இன்னும் நான்கு. இப்போது மட்டம் சரி, ஆனால் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அரைமணி நேரத்தில் பாதித் தூக்கு காலி. பாதியைக் கொடுப்பதைவிட ஒன்றும் கொடுக்காமல் இருப்பதே மேல் என்று அந்த வெயிலில் அவனுக்குப் பட்டது. மீதியை, சுற்றி நின்று வாலாட்டிய நான்கு தெருநாய்களுக்குப் போட்டான்.

தூக்கைத்தான் தொலைக்க முடியவில்லை. அடியில் 'தபீதாள், 1986' என்று பெயர் வெட்டியிருந்தது. எங்கே எறிந்தாலும் எவனாவது நல்லவன் பெயரைப் படித்து வீடு தேடி வந்து கொடுத்துவிடுவான். சீட்டுக்கடியில் ஹெல்மெட் வைக்கும் இடத்தில் அதைத் திணித்தான். ஹெல்மெட்டுக்கு வேறு இடமில்லாததால் தலையில் மாட்டிக்கொண்டு வீடு திரும்பினான்.

குரங்கு என்றால், பாத்திரத்தைக் கீழே போட்டிருக்குமே என்பார்கள். திருடன் என்றால் போலீஸ். "கரடி, அத்தை" என்றான். "வண்டலூர் காட்டுப் பக்கம் இருந்து வந்திருக்கும். தூக்கோட பிடுங்கிட்டுப் போயிடுச்சு."

டீச்சர் அவனையும் ஹெல்மெட்டையும் வெகுநேரம் பார்த்தார். "பலகாரம் போனாப் போகுது. தூக்கு எங்கம்மா வாங்கித் தந்தது. அது எனக்கு வேணும்."

பக்கத்து வீட்டு வில்பிரட் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தன் ராஜபாளையம் நாய் சீசரின் முப்பாட்டன் ஜமீனில் கரடி வேட்டையாடியது என்று பத்து வருடமாகச் சொல்லிவந்தார். இப்போது பின்வாங்க வழியில்லை. மூன்று மணி வெயிலில் தொப்பியும் விசிலுமாக வந்து நின்றார். மோப்பம் பிடிக்க டீச்சர் வீட்டில் எடுத்துவைத்திருந்த முந்திரிக்கொத்து ஒன்றை நீட்டினார். சீசர் தின்றது. இன்னொன்றை நீட்டினார். அதையும் தின்றது.

"வெறும் வயித்துல வேட்டைக்கு வராது" என்றார் வில்பிரட்.

டீச்சர் மருமகனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, தன் தூக்கின் மேலேயே சவாரி செய்து ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தார். கரையில் டிபன் கடை வைத்திருக்கும் கிளியம்மாள் இவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா சார், ஹெல்மெட்டு மாட்டிகினு ஏரில குதிக்கப் போறியா?"

"கரடி இருக்கு கிளியம்மா. தலைக்குப் பாதுகாப்பு."

"இருவது வருசமா இங்க கடை போட்டுகினு கீறேன். பாம்பு கீது, பன்னி கீது. கரடி எப்டி வந்துச்சு, ஜிஎஸ்டி ரோட்டுல சிக்னல் போட்டு வந்துச்சா?"

"மிருகக்காட்சிசாலைக்குப் போன் போட்டேன்" என்றார் வில்பிரட். "எங்க கரடி எல்லாம் நிழல்ல தூங்குதுன்னாங்க."

"அதுங்களுக்குக் கீற அறிவு."

வில்பிரட் விசில் ஊதினார். சீசர் நேராகப் போய்க் கடை பெஞ்சுக்கடியில் படுத்துக்கொண்டது. ஆனால் விசில் சத்தத்துக்குக் கரைச் சரிவில் படுத்திருந்த நான்கு தெருநாய்கள் எழுந்தன. ஜோனத்தானைப் பார்த்தன. பாய்ந்து வந்து அவன் மேல் கால் போட்டு, கையை நக்கி, முனகிக் கொஞ்சின. அவன் உதறிப் பார்த்தான், அதட்டிப் பார்த்தான். பிறகு நான்கும் புங்கமரத்தடிக்கு ஓடி ஸ்கூட்டர் சீட்டைப் பிறாண்ட ஆரம்பித்தன.

"இதுங்க யார்கிட்டயும் இப்டி இழையாதே" என்றாள் கிளியம்மாள். "காலைல இன்னா சார் போட்ட?"

டீச்சர் கையை நீட்டினார். "சாவி."

இனி அவர் பேசாமல் இருக்கப் போவது மூன்று வருடமோ, முப்பது வருடமோ. ஜோனத்தான் சாவியைக் கொடுத்தான். சீட்டு திறந்தது. தூக்கு வெயிலில் பளபளத்தது. டீச்சர் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார், கவிழ்த்து அடியில் பெயரைப் பார்த்தார், முந்தானையால் துடைத்தார்.

"அப்ப கரடி?" என்றார் வில்பிரட். அவருக்கு இன்னும் நம்பிக்கை போகவில்லை.

"நாணயமான கரடி" என்றார் டீச்சர். "பாத்திரத்தைப் பத்திரமா வெச்சுட்டுப் போயிருக்கு."

திரும்பும் வழியில் பெருங்களத்தூர் மளிகைக் கடை வந்ததும் ஜோனத்தானின் முதுகில் ஒரு தட்டு விழுந்தது.

"நிறுத்துங்க. பாசிப்பயறு, வெல்லம், எள்ளு. நாளைக்கு ஆராதனைக்கு முன்னாடி தூக்கு நிறையணும். நீங்கதான் வறுக்கறீங்க, நீங்கதான் உருட்டறீங்க."

அதற்குப் பிறகு அவர் பேச்சை நிறுத்தவேயில்லை. பயறு வறுக்கும்போது பேசினார், பாகு காய்ச்சும்போது பேசினார். அவன் உருட்டிய உருண்டைகளின் வடிவத்தைப் பற்றி, அவன் வளர்ப்பைப் பற்றி, ஆஷாவுக்கு வந்து தவறிப்போன பல்டாக்டர் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசினார். அந்த மூன்று வருடம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று ஜோனத்தானுக்கு அப்போதுதான் உறைத்தது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறியது. வியர்வை கண்ணில் இறங்க, காலையிலிருந்து தலையில் இருந்த ஹெல்மெட்டைக் கழற்றக் கை வைத்தான்.

"இருக்கட்டும் மாப்பிள்ளை" என்றார் டீச்சர். "எண்ணெய் தெறிக்கும்."