குடும்ப வகை

அக்காவை உள்ளங்கையில் வைத்துத் தாங்குவதாகத் தம்பி ஏழு வருஷமாகப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவந்தான். அந்த ஏழு வருஷத்தில் அவளைத் தூக்கிவிட அந்த உள்ளங்கை ஒரு தடவைகூட நீண்டதில்லை.

அச்சகப் படிக்கட்டில் விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டதிலிருந்து அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கண்ணும் கையும் பழுதில்லை. தம்பி வீட்டு முன்னறையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி பள்ளிப் புத்தகங்களுக்குப் பிழை திருத்தினாள். தெருவில் அவளுக்குப் பெயரே புரூஃப் அக்கா. கட்டிலிலிருந்து நாற்காலி, அங்கிருந்து குளியலறை, பிறகு மறுபடி கட்டில் என்று அன்றாடம் இந்தப் பிரயாணங்களுக்கு ஆள் வேண்டும். தம்பி மனைவிக்கு இடுப்பு வலி. தம்பிக்குக் கூச்சம். மாடியில் குடியிருந்த தையல்காரிதான் காலையும் மாலையும் இறங்கி வந்து, "பிடிச்சுக்குங்கக்கா" என்று அக்குளில் கைகொடுத்துத் தூக்குவாள்.

அந்தத் தையல்காரி ஒரு நாள் அக்காவுக்குத் தலை துவட்டிக்கொண்டே, "நான் தைக்கிற கடையை வேற பக்கம் மாத்துறாங்கக்கா. அடுத்த மாசம் நானும் அந்தப் பக்கமே போயாகணும்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைக் காட்டாமல் துவட்டிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கே அக்கா, தினசரி உதவியாளர் கேட்டு நலத்துறைக்கு விண்ணப்பம் போட்டாள். வீட்டில் மூச்சு விடவில்லை.

அதிகாரி நேரில் விசாரிக்க வருவதாகக் கடிதம் வந்தபோது தம்பி குதித்தான். "வெளியாளைக் கேக்குற அளவுக்கு இங்க உனக்கு என்னக்கா குறை?"

அதிகாரி வரும் நாளுக்கு அவன் லீவு போட்டான். முன்னறையில் அடுக்கியிருந்த பழைய அட்டைப்பெட்டிகளை அள்ளிக் கொல்லைக்குக் கடத்தினான். தம்பி மனைவி ஒரு தட்டில் பழம் வாங்கி வைத்தாள். அக்காவுக்கு எட்டாத உயரத்தில்.

அதிகாரியம்மா மெலிந்த உருவம், அவசரமே இல்லாத குரல். வந்து உட்கார்ந்து படிவத்தைப் பிரித்தாள். "குடும்ப வகை. தனிநபர், தம்பதி, பிள்ளைகளுடன், உறவினருடன். எதைப் போடட்டும்?"

"உறவினருடன்னு போடுங்க மேடம்!" தம்பி முந்திக்கொண்டான். "கூட்டுக் குடும்பம். அக்காதான் எங்களுக்கு எல்லாம்."

"அப்படிப் போட்டா வீட்டுலயே ஆள் இருக்குன்னு ஆயிடும். உதவியாளர் தர மாட்டோம்."

"எதுக்கு மேடம்? நாங்கதான் இருக்கோமே!"

அக்கா தொண்டையைச் செருமினாள். "மேடம், அந்தத் தாளோட பின்பக்கம் மூணாவது குறிப்பு. ஒரே சமையலில் உண்டு, அன்றாடத் தேவைகளைப் பகிர்ந்துகொள்பவர்களே ஒரு குடும்பம்னு இருக்கும். பகிர்ந்துல ஒரு புள்ளி விட்டுப்போச்சு, அது கிடக்கட்டும். என் சமையல் அந்த மூலையில."

மூலையில் தாழ்வான முக்காலி மேல் ஒரு மின்னடுப்பும் ஒற்றைத் தட்டும் இருந்தன. தம்பி மனைவி பதறினாள். "அண்ணிக்கு எங்க காரம் ஒத்துக்காது மேடம்."

"இன்னைக்கு இவங்களை யார் குளிப்பாட்டினீங்க?"

"எல்லாரும்தான்" என்றான் தம்பி.

"எல்லாரும் சேர்ந்தா?"

அதிகாரியம்மா பேனாவை மூடினாள். "சரி, கட்டில்லேருந்து நாற்காலிக்கு எப்படி மாத்துவீங்கன்னு ஒரு தடவை காட்டுங்க."

அக்கா அன்று வேண்டுமென்றே கட்டிலிலேயே இருந்தாள். தம்பி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தான். அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக் கிணற்று வாளி மாதிரி இழுத்தான். இன்னொரு கையை நாற்காலியில் ஊன்றினான். நாற்காலி நழுவி அறையின் அந்தக் கோடிக்கு ஓடியது. தம்பி பின்னாலேயே போய்த் தரையில் சப்பென்று உட்கார்ந்தான்.

கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தப்பித்த அக்கா, "பிரேக் போடணும்டா" என்றாள்.

"அது எங்க இருக்கு?"

தம்பி மனைவிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பு வரும் என்றுதான் அக்கா நினைத்திருந்தாள். வரவில்லை. காது சுட்டது. தரையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது. அதிகாரியம்மா பேனாவைத் திறந்து நிதானமாக எழுதினாள்.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. குடும்ப வகை: தனிநபர். உதவியாளர்: காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம், ஞாயிறு உட்பட. தம்பி சொந்தக்காரர் ஒருவர் விடாமல் போன் போட்டான். "நான் குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்கேன், இவ தனி ஆள்னு எழுதி வாங்கிட்டா!" அதன்பின் பத்து நாள் அக்காவோடு பேசவில்லை. அவன் பேசாதது அக்காவுக்குத் தெரிய நாலு நாள் ஆயிற்று.

உதவிக்கு வந்தவள் வாட்டசாட்டமானவள். முதல் நாளே பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் வணக்கம் சொன்னாள். நாலாம் நாள் தம்பி மனைவி ஒரு கூடை ஈரத்துணியை வாசற்படியில் வைத்து, "அப்படியே இதையும் காயப் போட்டுடேன்" என்றாள்.

"அது பக்கத்துக் குடும்பத்துத் துணிம்மா" என்றாள் அக்கா உதவிக்காரியிடம், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை தையல்காரியின் புது வீட்டுக்கு அக்கா கிளம்பினாள். மாதக்கணக்கில் தாண்டாத வாசற்படி. சக்கரம் தெருவில் இறங்கியதும் தம்பி உள்ளிருந்து ஓடிவந்தான்.

"சொல்லாம கொள்ளாம எங்கக்கா போற? எப்ப வருவே?"

"தெரியலடா" என்றாள் அக்கா. உதவிக்காரி நாற்காலியைத் தள்ளினாள்.